ஜெயில்லயும் இல்லத்துலயும் டான்ஸ், டிராமா: போட்டோவுக்கா, உள்ள இருக்குறவங்களுக்கா?

4 ஜூன், காலை 9.10

கேள்வி இதுதான், அப்படியே ஒட்டுறேன்: "ஜெயில், கூர்நோக்கு இல்லம், மனநல ஆஸ்பத்திரின்னு போயி டான்ஸ் டிராமா சொல்லிக்குடுக்குறோம்ங்குறாங்க. ஆகஸ்ட் 15க்கு ஒரு புரோகிராம், வந்த ஆபீசருக்கு சால்வை, நாலு போட்டோ, முடிஞ்சது. உள்ள கெடக்குறவனுக்கு இதுல என்ன லாபம்? ஒரு வக்கீலை அனுப்பினாலாவது பெயில் கெடைக்கும்."

(கூர்நோக்கு இல்லம்னா, கேஸுல மாட்டின 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களை விசாரணை நடக்கும்போது வைக்கிற எடம்.) போட்டோவுக்குப் போறவங்க இருக்காங்க, இல்லேங்கல. ஆனா வக்கீலா டிராமாவான்னு ஏன் எதிரெதிரா நிறுத்தணும்? பெயில் வர்ற வரைக்கும் அவன் என்ன பண்ணுவான்? கணக்கெடுப்பு, சாப்பாடு, கணக்கெடுப்பு, லாக்கப். இதுக்கு நடுவுல இருக்குற நேரத்தைப் பத்திதான் பேசுறோம். இப்ப பஸ்ல இருக்கேன், ராத்திரி விவரமா எழுதுறேன்.

4 ஜூன், இரவு 11.20

கொல்கத்தால இருந்து ஆரம்பிக்கலாம், நம்ம நாட்டுல இதுல எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு அதுதான். அலகானந்தா ராய், ஒடிசி, பரதம் ஆடுறவங்க. 2007 மார்ச் 8, மகளிர் தினத்துக்கு பிரசிடென்சி ஜெயிலுக்கு கூப்புட்டிருக்காங்க, அப்ப சிறைத்துறை ஐ.ஜி.யா இருந்தவர் பி.டி. சர்மா. போனது பொம்பளைங்களைப் பாக்க. அங்க ஆம்பளைக் கைதிங்க நடந்து போற விதத்தைப் பாத்துட்டு, இவங்களுக்கு ஆடச் சொல்லித்தரலாமேன்னு தோணியிருக்கு. அதுல வந்ததுதான் ‘வால்மீகி பிரதிபா’. தாகூர் 1881ல எழுதின இசை நாடகம், கொள்ளைக்காரன் கவிஞன் ஆகுற கதை, அப்ப தாகூரே வால்மீகி வேஷம் கட்டினாரு. ஜெயில்ல அந்த வேஷம் கட்டினவர் நைஜல் அக்காரா. 2009ல விடுதலையாகி வெளிய வந்து, சொந்தமா கம்பெனி வச்சு, வங்காள சினிமாலயும் நடிச்சுட்டு இருக்காரு. கைதிங்க அந்த அம்மாவை "மா"ன்னுதான் கூப்புடுவாங்க.

இதுல எனக்குப் புடிச்ச விஷயம் மேடை இல்ல. குரூப்பை ஜெயிலுக்கு வெளிய, ரவீந்திர சதன் மாதிரி பெரிய அரங்கத்துக்கே கூட்டிட்டு வந்து ஆட வச்சாங்க பாருங்க, அதுக்கு எத்தனை ஆபீசர் தன் வேலையப் பணயம் வச்சு கையெழுத்துப் போட்டிருக்கணும்! டான்ஸ் டீச்சரைப் பத்தி எழுதுறவங்க யாரும் அந்த ஃபைலைப் பத்தி எழுத மாட்டேங்குறாங்க.

5 ஜூன், மதியம்

"நீங்க யாரு, தெரபிஸ்டா?"

இல்ல. நான் கூத்துலயும் நவீன நாடகத்துலயும் இருந்தவ. சில வருஷமா ஒரு பசங்க கூர்நோக்கு இல்லத்துக்கும் ஒரு பொண்ணுங்க காப்பகத்துக்கும் போயிட்டிருக்கேன். ஊர் பேரு, இல்லத்தோட பேரு சொல்ல மாட்டேன், கேக்காதீங்க.

டிராமா ஒர்க்‌ஷாப் நடத்துறவங்க எல்லாரும் தெரபிஸ்ட்னு போர்டு மாட்டிக்குறது இப்ப ஃபேஷன் ஆயிருச்சு, எனக்கு அது புடிக்கல. டான்ஸ் தெரபின்னு தனிப் படிப்பு இருக்கு, தனி வரலாறு இருக்கு. 1942ல வாஷிங்டன்ல செயின்ட் எலிசபெத்ஸ்னு பெரிய மனநல ஆஸ்பத்திரிக்குள்ள மரியன் சேஸ்னு ஒரு டான்ஸ் டீச்சர் போனாங்க. போர்ல அடிபட்டு மனசு ஒடைஞ்சு வந்தவங்க, வாயே தொறக்காதவங்க, எல்லாம் வார்டுல. அந்த அம்மா ஸ்டெப்பு எதுவும் சொல்லித்தரல. ஒருத்தர் கால் ஆட்டிட்டு உக்காந்திருந்தா அதே மாதிரி இவங்களும் ஆட்டுவாங்க, அவர் கவனிச்சதும் கொஞ்சம் பெருசா ஆட்டுவாங்க, அப்படியே பக்கத்துல இருக்குறவரைச் சேத்துக்கிட்டு வட்டம் போடுறது. அதுலேர்ந்து கிளம்பி 1966ல அமெரிக்கால இதுக்குன்னு சங்கமே ஆரம்பிச்சாங்க, மொதத் தலைவர் அவங்கதான்.

5 ஜூன், இரவு

சிலம்பம் சொல்லித்தரலாமேன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. அண்ணே, கம்பை கேட்டுக்கு உள்ள விடுவாங்கன்னு நினைக்குறீங்களா 😄 நியூஸ்பேப்பரை இறுக்கிச் சுருட்டி வச்சு ஆடினோம். பசங்களுக்கு செம குஷி. "டான்ஸா, அதெல்லாம் பொட்டப்புள்ளைங்க ஆடுறது"ன்னு சொன்னவனுங்க எல்லாம் காலடி போட வரிசைல நின்னானுங்க. ரெண்டாவது வாரம் பேப்பரைக் கீழ வைக்கச் சொன்னேன், காலடி மட்டும் அப்படியே இருக்கட்டும்னு. ஒரு பறைத்தாளம் போட்டோம். டான்ஸ் வந்துருச்சு, யாரும் பேரு வைக்கல.

உள்ள போகாத சாமான் லிஸ்ட் பெருசு. சலங்கை கூடாது (கயிறு இருக்கு), துப்பட்டா கூடாது, வேட்டி கூடாது, கண்ணாடி கூடாது, செல்போன் கேட்டுலயே வாங்கி வச்சுருவாங்க. எல்லாம் காரணத்தோடதான். தன்னைத் தானே காயப்படுத்திக்கிற பிள்ளைங்க இருக்குற எடம், சட்டதிட்டத்தைக் கிண்டல் பண்றதுல அர்த்தம் இல்ல.

7 ஜூன்

ஊக்குக் கதை ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, சொல்லிடுறேன்.

காப்பகத்துல ஆண்டு விழா. பொண்ணுங்க சேலைக்கு ஊக்கு வேணும். வார்டன் அக்கா ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடில எண்ணி 24 ஊக்கு வச்சுக் குடுத்தாங்க. முடிஞ்சு எண்ணினா 23. அவ்ளோதான், கதவு சாத்திட்டாங்க. யாரும் சாப்பிடப் போகக் கூடாது. பொண்ணுங்க கையைத் தூக்கிட்டு வரிசைல, அஞ்சு நிமிஷம் முன்னாடி கைதட்டு வாங்கின அதே பொண்ணுங்க, அதே மை கலையாத கண்ணோட, சேலைய உதறிக் காட்டிட்டு நிக்குதுங்க. பிரியாணி அண்டா வெளிய ஆறுது. கடைசில எங்க இருந்துச்சு தெரியுமா? ஃபிளெக்ஸ் பேனர்ல. சிறப்பு விருந்தினர் பேருக்குப் பக்கத்துல, காத்துல சுருண்டுக்கக் கூடாதுன்னு ஆபீஸ் பையன் எடுத்துக் குத்தியிருக்கான்.

வார்டன் அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த 24வது ஊக்கு ராத்திரி ஒரு பொண்ணோட மணிக்கட்டுல இருந்தா பதில் சொல்ல வேண்டியவங்க அவங்க, நான் இல்ல. ஆனா அந்த அரை மணி நேரத்துல விழா என்னவா மாறிச்சுன்னு அந்த பொண்ணுங்களுக்குத் தெரியும்.

8 ஜூன், காலை

மேல ஜெயில் ஜெயில்னே எழுதிட்டிருக்கேன். அடைச்சு வைக்கிற எடம் எல்லாம் ஜெயில் இல்ல. இங்கிலாந்துல பிராட்மூர்னு ஒண்ணு, 1863ல தொறந்தது, மதிலு, பூட்டு எல்லாம் இருந்தும் அது ஆஸ்பத்திரி. குத்தம் பண்ணின மனநோயாளிங்களுக்கான உச்சபட்சப் பாதுகாப்பு ஆஸ்பத்திரி மூணுல ஒண்ணு. அங்க 1989ல ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிங்குற நாடகக் குழு, மார்க் ரைலன்ஸ்னு நடிகரை வச்சு ஹாம்லெட் போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, கொலை, பைத்தியம்னு நடிக்கிறது, நிஜமாவே புத்தி பேதலிக்கிறது, தற்கொலை, எல்லாம் இருக்குற நாடகத்தை யார் முன்னாடி போடுறாங்கன்னு! ஏற்பாடு பண்ணினவர்ல முக்கியமானவர் அங்க சைக்கோதெரபிஸ்டா இருந்த மர்ரே காக்ஸ். திரை விழுந்ததும் கெளம்பல, நடிகருங்களும் நோயாளிங்களும் ஒண்ணா உக்காந்து பேசினாங்க. எனக்கு அந்தப் பேச்சுதான் முக்கியமாப் படுது.

நம்மூர்ல ஒரு தடவையாச்சும் விழா முடிஞ்சு உக்காந்து பேசியிருக்கோமா? மைக்செட்டுக்காரர் வயரைச் சுருட்டுறதுக்குள்ள பசங்களை வரிசையா உள்ள அனுப்பிருவாங்க.

8 ஜூன், இரவு 10

"அழுது கொட்டிட்டா மனசு லேசாயிடும், நாடகம் அதுக்குத்தானே"ன்னு ஒரு தோழர்.

தோழர், வீட்ல இருக்குறவனுக்கு ஓகே. இங்க ஆறு மணிக்கு லாக்கப். நாலரைக்கு ஒரு பையன் கிட்ட அப்பா அடிச்சதை நடிச்சுக் காட்டச் சொல்லி, அவன் உடைஞ்சு அழுது, எல்லாரும் கட்டிப்புடிச்சு, நான் அஞ்சு மணிக்கு பஸ் ஏறிட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் யார் கிட்ட பேசுவான்? கவுன்சிலர் வர்றது வாரத்துல என்னிக்கோ ஒரு நாள். பக்கத்துப் படுக்கைக்காரன் நாளைக்கு இதை வச்சே கேலி பண்ணுவான். லாக்கப்புக்கு முன்னாடி மூட முடியாததைத் தொறக்காதே, நான் இதுல கறாரா இருப்பேன். சொந்தக் கதைய நேரா நடிக்க விடவே மாட்டேன். வேற ஊரு, வேற பேரு, ராஜா கதை, மிருகக் கதைன்னு தள்ளி வச்சுத்தான் போவோம். சொந்தக் கதை தானா உள்ள வந்துரும், அது வேற.

பிரிட்டன்ல கீஸ் தியேட்டர்னு ஒரு குரூப்பு, 1987லேர்ந்து ஜெயில் ஜெயிலா போறாங்க, முகமூடி வச்சு. கேரக்டர் வெறப்பா பேசிட்டு இருக்கும், பாக்குற கைதிங்க "முகமூடியத் தூக்கு"ன்னு சொன்னா தூக்கிட்டு உள்ள நெஜமா என்ன ஓடுதுன்னு சொல்லணும். பாக்குறவன் தன்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல. மேடைல நிக்கிறவன் கிட்ட கேள்வி கேட்டா போதும், அவனுக்கும் யோசனை ஓடும்.

9 ஜூன்

நேத்து எழுதினதுக்குத் தொடர்ச்சி. வேஷத்துலேர்ந்து ஆளை வெளிய கொண்டு வர்றதை தெரபி படிச்சவங்க பெரிய டெக்னிக்கா சொல்லுவாங்க. நம்ம கூத்துக்காரங்களுக்கு இது புதுசா? பாரதக் கூத்துல துகில் உரியும்போது ஆடுறவருக்கோ பாக்குறவங்களுக்கோ சாமி வந்துரும். அப்படியேவா வீட்டுக்கு அனுப்புவாங்க? விபூதி பூசி, கற்பூரம் காட்டி, தண்ணி குடுத்து மலையேத்திட்டுத்தான் விடுவாங்க.

நான் பண்றது இது. வேஷத்துக்கு பேப்பர் தொப்பி (துண்டு கூடாதே). முடிஞ்சதும் அவனே தொப்பியக் கழட்டி, பிரிச்சு, பழையபடி பேப்பரா மடிச்சு என் கைல குடுக்கணும். சொந்தப் பேரைச் சத்தமா சொல்லணும். காலைல என்ன சாப்பிட்டேன்னு சொல்லணும். "உப்புமா மிஸ்"னு எல்லாரும் ஒரே குரல்ல கத்துவானுங்க, ஒரு சிரிப்பு வரும். அதோட செஷன் முடிஞ்சது.

துகில் காட்சிய காப்பகத்துல போடலாமான்னு ஒரு ஆபீசர் கேட்டாரு. மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னு விளக்குறதுக்கே அரை நாள் ஆச்சு.

11 ஜூன், காலை

பொண்ணுங்க காப்பகத்துல டான்ஸ் எப்படின்னு ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. இது ரொம்ப ஜாக்கிரதையான எடம். கடத்தப்பட்டு, வித்து, மீட்டுக் கொண்டு வந்த பொண்ணுங்கள்ல சிலருக்கு ஆடுறதே அந்த நரகத்துல ஒரு பாகமா இருந்திருக்கும். நீங்க போயி ஸ்பீக்கரை ஆன் பண்ணி "வாங்கம்மா ஜாலியா ஆடலாம்"னா என்ன ஆகும்? ஒரு பொண்ணு ஒரு குறிப்பிட்ட குத்துப்பாட்டு ஆரம்பிச்சாலே பாத்ரூமுக்குப் போயிருவா. அந்த பாட்டு எந்த எடத்துல ஓடுச்சோ நமக்கெப்படித் தெரியும்? நாங்க பண்ணினது, ஸ்பீக்கரை அவங்க பக்கத்துல வச்சுட்டோம், பாட்டை மாத்துறது, சத்தம் கூட்டுறது குறைக்கிறது, நிறுத்துறது எல்லாம் அவங்க கைல. மொத நாள் முழுக்க அந்த திருகைத் திருகுறதுலயே போச்சு, ஒரு ஆட்டமும் நடக்கல, சூப்பிரண்டு மேடம் "என்ன கிளாஸ் இது"ன்னு பாத்துட்டுப் போனாங்க. ரெண்டு செகண்டு வைப்பா, நிறுத்துவா, என்னைப் பாப்பா. நான் ஒண்ணும் சொல்லல. திரும்ப வைப்பா.

இதுல நம்ம நாட்டுல பெரிய வேலை பண்ணினது கொல்கத்தா சன்வேத்னு ஒரு அமைப்பு, 2004ல சோஹினி சக்கரவர்த்தி ஆரம்பிச்சது. காப்பகத்துல இருந்த பொண்ணுங்களோட டான்ஸ் மூவ்மென்ட் தெரபி. அதுல பங்கெடுத்த பொண்ணுங்கள்ல சிலர் அப்பறம் தாங்களே பயிற்சி எடுத்து, சொல்லிக்குடுக்குறவங்களா ஆயிட்டாங்க. வெளியேர்ந்து வர்ற அக்காவை விட அந்த வழியா வந்தவங்க சொன்னா எடுபடும்.

11 ஜூன், மாலை

"அப்போ ஆட மாட்டேன்னு சொன்னா விட்டுருவீங்களா?"

விட்டுருவேன். அடைச்சு வச்ச எடத்துல ஒரு நாள் முழுக்க எதுக்குமே "வேணாம்"னு சொல்ல முடியாது, எந்திரிக்கிறது, குளிக்கிறது, சாப்பிடுறது, தூங்குறது எல்லாம் மணியடிச்சு நடக்கும். என் வகுப்புல மட்டும் வேணாம்னா வேணாம்தான். அட்டெண்டன்ஸ் எடுக்க விட மாட்டேன், "ஒழுங்கா கலந்துக்கிட்டான்"னு சர்டிபிகேட் எழுதவும் மாட்டேன். சர்டிபிகேட் பெயிலுக்கு உதவுமேன்னு திட்டினவங்க உண்டு. உதவலாம். ஆனா அதுக்காக வந்து உக்காந்தா அது விருப்பமா, கட்டாயமா? இதுல நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரல, பையனோட வக்கீல் கேட்டா என்ன சொல்வேன்னு எனக்கே தெரியல.

13 ஜூன், இரவு 12

ஜேஜே போர்டு (18 வயசுக்குக் கீழ உள்ளவங்க கேஸை விசாரிக்கிற சிறார் நீதிக் குழுமம்) சீனைப் பத்தி எழுதுறேன்னு போன்ல ஒருத்தங்க கிட்ட சொல்லியிருந்தேன்.

பசங்களே ஒரு சீன் போட்டானுங்க, விசாரணை சீன். தெரியாதவங்களுக்கு: சிறார் நீதிக் குழுமத்துல ஒரு மாஜிஸ்ட்ரேட்டும் ரெண்டு சமூகப் பணியாளரும் இருப்பாங்க. உசரமான மேடைல உக்காரக் கூடாது, கூண்டு கம்பி எதுவும் இருக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. எங்க ஊர்லயும் சாதா மேசைதான், நாற்காலிதான். ஆனா பசங்க என்ன பண்ணினானுங்க தெரியுமா, பெஞ்சு மேல பெஞ்சு போட்டு மாஜிஸ்ட்ரேட்டை உச்சில ஏத்திட்டானுங்க. பக்கத்துல ரெண்டு மெம்பருங்க தரைல. நான் எதுவும் சொல்லல. மாஜிஸ்ட்ரேட்டா நடிச்ச பையன் முழு சீன்லயும் தலைய நிமித்தல. ஃபைலைப் பொரட்டுறான், "பேரு", பொரட்டுறான், "அப்பா வந்திருக்காரா", பொரட்டுறான், "அடுத்த வாய்தா". வாய்தா தேதி சொல்லும்போது கூட காலண்டரைத்தான் பாக்குறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க, சூப்பிரண்டு சாரும் சிரிச்சாரு, பாதில நிறுத்திட்டு என்னைப் பாத்தாரு. "இதை விழால போடாதீங்கம்மா."

போடல. பசங்க கிட்ட கேட்டேன், அவனுங்களும் வேணாம்னுட்டானுங்க, அவனுங்களுக்கு வாய்தா இருக்குல்ல.

ஆனா லெபனான்ல ஜீனா தக்காஷ்னு ஒரு நாடக இயக்குநர் இதைத்தான் பண்ணிக் காட்டினாங்க. ரூமியே ஜெயில், கொள்ளளவைத் தாண்டி ஆளை அடைச்ச எடம். ஒரு வருஷத்துக்கு மேல ஒத்திகை, 2009ல ‘ட்வெல்வ் ஆங்ரி மென்’ தழுவல் (பன்னண்டு ஜூரிங்க ஒரு கொலைக் கேஸுல முடிவெடுக்குற அமெரிக்கக் கதை). தண்டனை வாங்கினவங்களே ஜூரியா உக்காந்து இன்னொருத்தன் உயிரைத் தீர்மானிக்கிறாங்க. பாக்க வந்தவங்கள்ல மந்திரிங்க, நீதிபதிங்க. நடுநடுவுல கைதிங்க சொந்தமா பேசுறாங்க, அதுல ஒரு கோரிக்கை: நன்னடத்தைக்கு தண்டனையைக் குறைக்க 2002லயே சட்டம் போட்டீங்களே, ஏன் இன்னும் அமல் ஆகல? அந்த வருஷமே அது அமலுக்கு வந்துச்சு. நாடகம் மட்டுமே காரணம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கேள்வி கேட்டவரு "வக்கீல் அனுப்பலாமே"ன்னாரு இல்ல, இங்க ரெண்டும் ஒண்ணா நடந்திருக்கு.

2016ல அதே ஜெயில்ல இன்னொண்ணு. மனநோயோட குத்தம் பண்ணினவங்க "குணமாகுற வரைக்கும்" உள்ளயே இருக்கணும்னு 1940கள்ல எழுதின சட்டம் அங்க. குணமாகலேன்னா? சாகுற வரைக்கும்தான். அவங்க கதைய மத்த கைதிங்க மேடையேத்தினாங்க, சட்டத்தை மாத்தச் சொல்லி வரைவும் குடுத்தாங்க.

14 ஜூன்

"அவன் கிட்ட அடிபட்டவங்க குடும்பம் பாத்தா எப்படி இருக்கும், கொலைகாரன் ஹீரோவா ஆடுறான், கைதட்டுறீங்க."

இதுக்கு என் கிட்ட நல்ல பதில் இல்ல. வால்மீகி கதைல கொள்ளைக்காரன் கவிஞன் ஆயிட்டான், சரி, அவன் கொள்ளையடிச்சவங்களைப் பத்தி கதை ஒண்ணும் பேசாது. டிக்கெட் போட்டு பொதுமேடைல ஆடும்போது அந்தக் குடும்பத்துல ஒருத்தர் பேப்பர்ல போட்டோ பாப்பாங்க. ஒத்திகையோட நின்னா இந்தப் பிரச்சினை இல்ல. ஆனா ஷோவே இல்லேன்னா உள்ள இருக்குறவங்களுக்கும் ஒரு கட்டத்துக்கு மேல பிடிப்பு போயிரும், அதையும் பாத்திருக்கேன். இப்பத்திக்கு நான் பண்றது: பாக்குறவங்க அந்த பிளாக்குல இருக்குறவங்க, ஸ்டாஃப், முடிஞ்சா வீட்டு ஆளுங்க. ரெண்டு அம்மா வந்தாலும் போதும்.

"இப்படி ஆடினவங்க யாரும் திரும்பத் தப்பு பண்றதில்ல"ன்னு ஃபார்வர்டு ஒண்ணு சுத்துது, அதை நம்பாதீங்க. வகுப்புக்குத் தானா வர்றவன் ஏற்கனவே கொஞ்சம் மாறணும்னு நினைக்கிறவன்தான். அவனை மட்டும் எண்ணிட்டு டான்ஸால மாறினான்னா எப்படி?

16 ஜூன், காலை

போட்டோ கேக்குறவங்களுக்கு: சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. பையன் யாருன்னு தெரியுற மாதிரி பேரு, முகம், ஸ்கூல் எதையும் வெளியிடக் கூடாது, ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால மறைச்சுட்டா போதும்னு நினைக்காதீங்க, தெருக்காரன் நடையப் பாத்தே கண்டுபுடிச்சுருவான். என் கிட்ட ஒரு போட்டோ கூட இல்ல.

படிக்கணும்னு கேட்ட தங்கச்சிக்கு: டாட்டா சமூகவியல் நிறுவனம் மும்பைல, கொல்கத்தா சன்வேத்தோட சேந்து டான்ஸ் மூவ்மென்ட் தெரபி டிப்ளமோ நடத்தியிருக்காங்க, இப்ப அட்மிஷன் எப்படின்னு அவங்க சைட்டுலயே பாத்துக்கோ. பெங்களூர்ல திரிபுரா காஷ்யப் ரொம்ப காலமா இதுல இருக்காங்க. படிக்கிறதுக்கு முன்னாடி மூணு மாசம் ஏதாவது ஒரு இல்லத்துல சும்மா போயி கேரம் ஆடிட்டு வா. அது ஒத்து வந்தா படி.

16 ஜூன், மாலை

அந்த போர்டு சீன் ஸ்கிரிப்ட் கேட்டு இன்பாக்ஸ்ல நெறைய பேரு. ஸ்கிரிப்ட் எழுதவே இல்ல. எழுதியிருந்தாலும் தர மாட்டேன், அது அந்தப் பசங்களோடது. உங்க ஊர் பசங்களுக்கு அவங்க போர்டு எப்படி உக்காரும், எப்படிப் பேசும்னு நல்லாவே தெரியும். வார்டன் கிட்ட நாலு பெஞ்சு மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க, மொதல்லயே பெஞ்சுக் கால் ஆடுதான்னு பாத்துக்கோங்க, மேல ஏறுவானுங்க.